நீல வெளிச்சத்தில் சொக்கிப்போன கதை

பழைய ரிசீவர் (ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே பெட்டியில்) வாங்கப் பணம் எடுத்து வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். விற்றவர் செய்தது மோசடிதான். ஆனால் அது படத்திலேயே தெரிந்தது. எனக்குப் பார்க்கத் தெரியவில்லை.

மராண்ட்ஸ் 2270 என் பல வருட ஆசை. 1970களின் ரிசீவர். பெயரின் கடைசி இரண்டு இலக்கம்தான் வாட்ஸ், சேனலுக்கு 70. வாட்ஸுக்காக நான் ஏங்கவில்லை. மெல்லிய கோடுகள் ஓடும் அலுமினிய முகப்பு, வெள்ளியும் இல்லாமல் பொன்னும் இல்லாமல் ஒரு நிறம். ஸ்டேஷன் மாற்றக் குமிழ் கிடையாது. படுக்கவைத்த சக்கரம் ஒன்றின் விளிம்பு மட்டும் முகப்பில் எட்டிப் பார்க்கும். விரலால் ஒரு சுண்டு சுண்டினால் கனமான சக்கரம் வழுக்கிக்கொண்டு ஓடும், டயலில் முள்ளும் கூடவே ஓடும். ஸ்விட்ச் போட்டால் டயல் முழுக்க நீலம். இதற்கு மேல் ஒருவனை ஏமாற்ற என்ன வேண்டும்?

விளம்பரப் படங்கள் எல்லாமே இருட்டறையில் எடுத்தவை. "முழுசா சர்வீஸ் பண்ணது, கெப்பாசிட்டர் எல்லாம் புதுசு" என்று விற்றவர் போட்டிருந்தார். கெப்பாசிட்டர் என்றால் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பாகம், வயதானால் கெட்டுப்போகும். பகலில் ஒரு படம், மூடியைக் கழற்றி ஒரு படம் கேட்டேன். "சார், நாளைக்கு இன்னொருத்தர் வந்து எடுத்துட்டுப் போறேன்னு சொல்லியிருக்கார்" என்றார். அன்றிரவே பணம் போய்விட்டது.

வந்த அன்று விளக்கை அணைத்துவிட்டு அரைமணி நேரம் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டுப் போட்டதும் அடியில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். வால்யூமைக் குறைத்தாலும் அது குறையவில்லை. பத்து நிமிடத்தில் இடது சேனல் தேய்ந்து தேய்ந்து போயே போச்சு.

மெக்கானிக் மூடியைக் கழற்றி, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துக் காட்டினார். போர்டு முழுக்க மங்கிய பழைய ஈயம். இரண்டே இடத்தில் மட்டும் புதுப் பளபளப்பு. மாற்றியிருந்தது இரண்டு சின்ன கெப்பாசிட்டர், அதுவும் மூடியைத் திறந்ததும் கண்ணில் படுகிற இடத்தில். பவர் சப்ளையில் இருக்கும் பெரிய இரண்டும் அசல் கிழங்கள், இரைச்சல் அங்கிருந்துதான்.

அப்புறம் அவர் டயலைக் காட்டினார். அசலில் உள்ளே இருப்பவை சின்ன ஃபிலமென்ட் பல்புகள். அவற்றுக்கு முன்னால் பால்நிறத்தில் ஒரு தாள் இருக்கும். வெளிச்சத்தைப் பரப்பி நீலத்தை மென்மையாக்குவது அதுதான். இதில் தாளையே காணோம். பல்புக்குப் பதில் வெள்ளை எல்இடி. நான் சொக்கிப்போன நீலத்தில் புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்ததை அப்போதுதான் கவனித்தேன். விளம்பரப் படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தால் அதிலும் அதே புள்ளிகள்!

மரப்பெட்டி இன்னும் கேவலம். இடது பக்கம் கண் போல ஒரு முடிச்சு. வலது பக்கமும் அதே முடிச்சு, அதே உயரத்தில். எந்த மரம் அப்படி வளரும்? மரக்கோடு அச்சடித்த ஸ்டிக்கர்.

விற்றவருக்கு போன் போட்டேன். "பழைய சாமான்னா அப்படித்தான் இருக்கும் சார். பாட்டுக் கேக்கலேன்னா ஷோகேஸ்ல வையுங்க, அழகா இருக்கும்" என்றார். பிரவுன் கம்பெனி 1956இல் கொண்டுவந்த எஸ்கே 4 ரேடியோகிராமுக்கு (ரேடியோவும் ரெக்கார்ட் பிளேயரும் சேர்ந்தது) கண்ணாடி மாதிரி ஒரு மூடி உண்டு. அதை 'ஸ்னோ ஒயிட்டின் சவப்பெட்டி' என்று கிண்டல் செய்வார்கள். அது பட்டப்பெயர்தான், நன்றாகவே பாடும். எனக்கு வந்ததுதான் நிஜச் சவப்பெட்டி.

ஆகவே, பகல் வெளிச்சப் படம் இல்லாமல் பேச்சைத் தொடராதீர்கள். டயலில் புள்ளி தெரிகிறதா, மரக்கோடு திரும்பத் திரும்ப வருகிறதா, முகப்பில் எழுத்து தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கண்ட கிளீனரைப் போட்டுத் துடைத்தால் அந்த எழுத்து போய்விடும். சர்வீஸ் செய்ததாகச் சொன்னால் போர்டின் அடிப்பக்கப் படம் கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் நேராக பிளக்கில் சொருகாதீர்கள். பின்பக்கம் எழுதியிருக்கும் வோல்ட்டேஜைப் பார்த்துவிட்டு, குண்டு பல்பு ஒன்றை சீரிஸில் (மின்சாரம் பல்பு வழியாகவே ரிசீவருக்குப் போகிற மாதிரி) போட்டு ஆன் செய்யுங்கள். பல்பு ஒருமுறை மின்னி மங்கினால் சரி. பளீரென்று எரிந்துகொண்டே இருந்தால் உடனே அணைத்துவிடுங்கள். ஸ்பீக்கர் மாட்டும் முன் அதன் வயர் சொருகும் டெர்மினலில் மீட்டர் வைத்து டிசி, அதாவது நேர்மின்சாரம், வருகிறதா என்று பாருங்கள். சில பத்து மில்லிவோல்ட் வரை பரவாயில்லை. வோல்ட் கணக்கில் வந்தால் ஸ்பீக்கரையும் சேர்த்து இழப்பீர்கள்.

பணம் திரும்ப வரவில்லை. கெப்பாசிட்டர் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், மெக்கானிக் மெதுவாகத்தான் செய்வேன் என்கிறார். பெட்டி மட்டும் என்னிடம் இருக்கிறது. போன வாரம் ஹேர் டிரையர் காட்டி ஸ்டிக்கரை உரித்தேன். அடியில் அசல் வால்நட். மேல்பக்கம் யாரோ டம்ளர் வைத்த வட்டக் கறை ஒன்று, அவ்வளவுதான். அந்தக் கறையோடு காட்டியிருந்தால் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன்.