புது ஹாலிடே ரென்டல் தேடலில் ஏன் தெரிவதில்லை? சில சீசன்கள் ஓட்டிய அனுபவம்

சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விடும் சின்ன வீடு ஒன்றை ஏர்பிஎன்பி, புக்கிங் டாட் காம் என்ற இரண்டு புக்கிங் தளங்களிலும் போட்டு, சில சீசன்கள் ஓட்டிவிட்டேன். புதிதாக இதில் இறங்குகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "தேடினா என் வீடு வரவே மாட்டேங்குதே, ஏன்?" உடனே, தேடலில் எந்த வீடு மேலே, எது கீழே என்று முடிவு செய்யும் தளத்தின் அல்காரிதத்தைத் திட்டுவார்கள். நான் பார்த்தவரை விஷயம் பெரும்பாலும் அல்காரிதம் வரைக்கும் போவதே இல்லை. வரிசைப்படுத்துவதற்கு முன்பே, ஃபில்டரிலேயே வீடு கழிந்துவிடுகிறது.

தேடுகிறவர் தேதி போடுகிறார், எத்தனை பேர் என்று போடுகிறார். அந்தத் தேதிக்கும் அந்த எண்ணிக்கைக்கும் பொருந்தாத வீடு பட்டியலிலேயே இருக்காது. கடைசிப் பக்கம் வரை தள்ளிப் பார்த்தாலும் கிடைக்காது. குறைந்தபட்சம் 3 இரவு என்று வைத்திருந்தால், சனி, ஞாயிறுக்கு 2 இரவு தேடும் அத்தனை பேருக்கும் அந்த வீடு இல்லாததற்குச் சமம். இன்னொன்று பலர் கவனிக்காதது: இரண்டு புக்கிங்குக்கு நடுவே 2 இரவு காலியாகக் கிடந்தால், 3 இரவு விதி இருக்கும்வரை அந்த இரண்டையும் யாராலும் எடுக்க முடியாது. காலண்டரில் அது காலியாகத் தெரியும், தேடலில் தெரியாது. நான் வாரம் ஒருமுறை காலண்டரைத் திறந்து, இப்படி மாட்டிக்கொண்ட இடைவெளிகளுக்கு மட்டும் விதியைத் தளர்த்திவிடுவேன். இந்த வேலைக்குக் கிடைத்த பலன் வேறு எதற்கும் கிடைக்கவில்லை.

புக்கிங்குகளுக்கு நடுவே சுத்தம் செய்ய ஒரு நாள் விடுவது, அடுத்த மூன்று மாதத்துக்கு மட்டும் காலண்டரைத் திறந்து வைப்பது, வருவதற்கு இரண்டு நாள் முன்பே புக் செய்ய வேண்டும் என்பது எல்லாமே ஒவ்வொரு தேடலாக வெட்டிக்கொண்டே போகும். ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருக்கலாம், சரி. ஆனால் குறைந்தபட்ச இரவு விதியோடு இந்த மூன்றையும் சேர்த்து வைத்துவிட்டு "ரேங்க் வரவில்லை" என்று சொல்வதில் அர்த்தமில்லை. வசதிகளும் இதே கதைதான். பார்க்கிங் இருக்கிறது என்று விவரத்தில் அழகாக எழுதியிருப்பார்கள், வசதிகள் பட்டியலில் டிக் செய்திருக்க மாட்டார்கள். ஃபில்டர் பார்ப்பது டிக்கைத்தான்.

இதையெல்லாம் தாண்டிய பிறகுதான் வரிசை என்ற பேச்சே வருகிறது. வீட்டின் தரம், அது எவ்வளவு விரும்பப்படுகிறது, விலை, இடம் ஆகியவற்றைப் பார்ப்பதாக ஏர்பிஎன்பி வெளிப்படையாகவே சொல்கிறது. புது லிஸ்டிங்குகளும் (தளத்தில் புதிதாகப் போடப்படும் வீடுகளும்) தேடலில் நன்றாகத் தெரியும்படி பார்த்துக்கொள்வதாகவும் சொல்கிறது. அது எப்படி என்பதற்கு ஒரு குறிப்பு, அவர்களின் பொறியாளர்கள் 2020-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இருக்கிறது. புது வீட்டுக்குப் பழைய கணக்கு எதுவும் இல்லை. அதனால் அக்கம்பக்கத்தில் அதே அளவு ஆட்கள் தங்கக்கூடிய வீடுகளுக்கு என்ன வரவேற்பு இருக்கிறதோ, அதை வைத்து இதற்கும் ஒரு மதிப்பீடு போட்டார்கள். இதைப் படித்த பிறகு என் பார்வையே மாறியது. புது வீட்டை முதலில் தூக்கி நிறுத்துவது பக்கத்து வீடுகளின் புண்ணியம். வந்து பார்க்கிறவர்கள் புக் செய்யாமல் போய்க்கொண்டே இருந்தால் அவற்றிடம் கடன் வாங்கிய அந்த மதிப்பு வெகுநாள் தாங்காது.

ஆகவே, "இப்போதைக்குப் போட்டுவைப்போம், போட்டோ அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்" என்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். முதல் வாரங்களில் கிடைக்கும் பார்வைகள்தான் ஒரு புது வீட்டுக்குச் சும்மா கிடைப்பவை. அரைகுறை போட்டோவிடமும் தப்பான விலையிடமும் அவற்றைக் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்க முடியாது. லிஸ்டிங்கை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் மறுபடி ஆரம்பிக்கலாம் என்று ஒரு யோசனை சுற்றிக்கொண்டே இருக்கிறது. வாங்கிய ரிவ்யூ எல்லாம் போய்விடும், போலி லிஸ்டிங் என்று தளம் சந்தேகப்படவும் வழி செய்யும். வேண்டாம்.

முதல் 3 புக்கிங்குக்கு 20 சதவீதம் தள்ளுபடி தரும் ஏர்பிஎன்பியின் புது லிஸ்டிங் சலுகையை நான் எடுத்துக்கொண்டேன், வருத்தமில்லை. 3 ரிவ்யூ வந்தால்தான் ஏர்பிஎன்பியில் சராசரி ரேட்டிங் காட்டப்படும். அதுவரை "புதியது" என்ற அடையாளம்தான். ரிவ்யூ எழுத இரு தரப்புக்கும் 14 நாள் அவகாசம், இருவரும் எழுதினாலோ அவகாசம் முடிந்தாலோதான் வெளியாகும். ஆகவே கெஸ்ட் கிளம்பியதும் முதலில் நானே எழுதிவிடுவேன். பெரும்பாலானவர்கள் பதிலுக்காவது எழுதுகிறார்கள். இதில் இன்னொரு கணக்கும் உண்டு. ஆரம்பத்திலேயே ஒருவர் ஒரு மாதத்துக்கு எடுத்துக்கொண்டால் பணம் மொத்தமாக வரும், ஆனால் அந்த மாதம் முழுக்க ஒரே ஒரு ரிவ்யூதான், அதுவும் கடைசியில். இரண்டு, மூன்று இரவு தங்குகிறவர்கள் வந்துபோனால் வேகமாகச் சேரும். ரேட்டிங் தெரியும்வரை நான் மாதத் தள்ளுபடியை வைக்கவே இல்லை.

விலையில் ஒரு விஷயம். 2025 ஏப்ரல் முதல் ஏர்பிஎன்பி தேடலில் கிளீனிங் ஃபீ உட்பட மொத்த விலையை (வரி தவிர) உலகம் முழுக்கக் காட்டுகிறது. ஓர் இரவு வாடகையைக் குறைத்துக் காட்டி, கிளீனிங் ஃபீயில் பிடித்துக்கொள்ளும் பழைய வித்தை இனி எடுபடாது. குறிப்பாகக் குறைந்த இரவுகள் தேடுகிறவர்களிடம் அது விலையை உயரமாகக் காட்டிவிடும். நான் பெரும்பகுதியை இரவு வாடகையிலேயே கலந்துவிட்டேன்.

புக்கிங் டாட் காமில் விளையாட்டு கொஞ்சம் வேறு. குறிப்பிட்ட தேதிகளுக்குக் கூடுதல் கமிஷன் கொடுத்து மேலே வரும் விசிபிலிட்டி பூஸ்டர் இருக்கிறது. தளத்தின் வழக்கமான வாடிக்கையாளர்களுக்குச் சலுகை தரும் ஜீனியஸ் திட்டத்தில் சேர்ந்தால் குறைந்தது 10 சதவீதம் தள்ளுபடி தர வேண்டும். ரிவ்யூ இல்லாத வீட்டுக்குக் கமிஷனை ஏற்றுவது ஆட்களைக் கூட்டிவந்து காட்டுவதற்கு மட்டும்தான் உதவுகிறது என்பது என் கருத்து. நல்ல மதிப்பெண் வந்த பிறகு, மந்தமான தேதிகளுக்கு மட்டும் போட்டால் அர்த்தம் உண்டு.

தலைப்பு, விவரம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கவர் போட்டோ மட்டும் பகல் வெளிச்சத்தில், தலைப்பில் சொன்னதையே காட்டுவதாக இருக்கட்டும்.

தன் வீட்டைத் தானே தேடிப் பார்ப்பது வீண் வேலை. தேதி, ஆள் எண்ணிக்கை, மேப்பை எவ்வளவு நகர்த்தினோம் என்பதற்கு ஏற்ப வரிசை மாறிக்கொண்டே இருக்கும். மேப்பிலும் சில வீடுகள் விலையோடு தெரியும், மற்றவை வெறும் புள்ளிதான். அதைவிட ஏர்பிஎன்பியில் ஹோஸ்ட் (வீட்டை வாடகைக்கு விடுகிறவர்) பக்கத்தில் இருக்கும் இன்சைட்ஸ் என்ற புள்ளிவிவரப் பகுதி உருப்படியானது. தேடலின் முதல் பக்கத்தில் வீடு வரும் விகிதம், தேடலில் இருந்து லிஸ்டிங்குக்குள் வருகிறவர்கள், வந்தவர்களில் புக் செய்கிறவர்கள் என்று தனித்தனியாகக் கொடுக்கிறார்கள். முதலாவது குறைந்தால் காலண்டர் விதிகளையும் விலையையும் பார்ப்பேன். இரண்டாவது குறைந்தால் கவர் போட்டோ. மூன்றாவது என்றால் வீட்டு விதிகள், கேன்சல் நிபந்தனை, உள்ளே இருக்கும் படங்கள்.

சீசன் இல்லாத மாதங்களில் மொத்தப் பார்வைகள் சரிவதைப் பார்த்து நிறைய பேர் பயந்துபோய் விலையை அடித்துவிடுகிறார்கள். பார்வைகள் குறைந்தும் முதல் பக்க விகிதம் அப்படியே இருந்தால், தேடுகிறவர்களே குறைந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த மாதங்களில் நான் விலையில் கைவைப்பதில்லை, குறைந்தபட்சம் 1 இரவு என்று மாற்றிவிட்டு விட்டுவிடுகிறேன்.