கேமரா ட்ராப் படங்களை அடுக்குவது: எக்ஸிஃப்டூலோடு ஐந்து வருடம்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில், தோட்டம் முடிந்து சோலைக்காடு தொடங்கும் ஓரமாக எட்டு கேமரா ட்ராப் (முன்னால் ஏதாவது அசைந்தால் தானாகப் படம் எடுக்கும் கேமரா) கட்டியிருக்கிறோம். 2020 கடைசியில் ஆரம்பித்த வேலை. காட்டுமாடு, கரடி, கடமான், எப்போதாவது சிறுத்தை, இவையெல்லாம் எந்த வழியாக எத்தனை மணிக்கு வந்து போகின்றன என்று பார்க்கிறோம். விடிந்தும் விடியாமலும் கொழுந்து பறிக்கப் போகிறவர்களுக்கு இந்தத் தகவல் உயிர் சம்பந்தப்பட்டது. காப்புக்காட்டுக்குள் கேமரா வைக்க வனத்துறை அனுமதி வேண்டும்; எங்களுடையது எல்லாம் எஸ்டேட் எல்லைக்குள்தான்.

இதுவரை சேர்ந்த படங்கள் மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டன. அவற்றை ஃபோல்டர் ஃபோல்டராகப் பிரித்து அடுக்க நான் முழுக்க நம்பியிருப்பது எக்ஸிஃப்டூல். கனடாவைச் சேர்ந்த ஃபில் ஹார்வி 2003-ல் வெளியிட்ட இலவச மென்பொருள் அது. பட்டன், மெனு எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க வேண்டும். விண்டோஸுக்கு இறக்கினால் ஃபைல் பெயரின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் ஒரு சின்னக் கோடும் 'கே' என்ற எழுத்தும் ஒட்டிக்கொண்டு வரும். அதை எடுத்துவிட்டுப் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். இதைத் தெரியாமல் முதல் நாளே விட்டுவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வேலை செய்யும் விதம் எளிமையானது. கேமரா எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த தேதியும் நேரமும் பதிவாகியிருக்கும். கார்டிலிருந்து ஹார்டு டிஸ்க், அங்கிருந்து இன்னொரு டிஸ்க் என்று மாற்றும்போது விண்டோஸ் காட்டும் தேதி மாறிப்போகலாம்; படத்துக்கு உள்ளே இருக்கும் தேதி மாறாது. எக்ஸிஃப்டூல் அதைப் படித்து, ஒரே வரிக் கட்டளையில், வருடம், மாதம் என்று ஃபோல்டர்களைத் தானே உருவாக்கிப் படங்களை அதனதன் இடத்தில் கொண்டுபோய் வைத்துவிடும். பன்னிரண்டாயிரம் படம் இருந்த ஒரு கார்டை என் பழைய லேப்டாப்பிலேயே ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் பிரித்துவிட்டது. (வாட்ஸ்அப்பில் வந்த படத்தை இதில் போடாதீர்கள். அனுப்பும்போதே உள்தேதி போய்விடுகிறது.)

கருவியில் பிரச்சினை இல்லை. எதை வைத்துப் பிரிப்பது என்பதில்தான் எனக்கு இரண்டு வருடம் போயிற்று.

முதலில் தேதிவாரியாக, ஒரு நாளுக்கு ஒரு ஃபோல்டர் என்று பிரித்தேன். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் காட்டு விலங்குக்கு நள்ளிரவு 12 மணி ஒரு பொருட்டே இல்லை. குட்டியை முதுகில் சுமந்துகொண்டு ஒரு கரடி கேமரா முன்னால் மூன்று நிமிடம் நின்று மண்ணைத் தோண்டியது. 11.58-லிருந்து 12.01 வரை. பாதிக் கரடி ஒரு ஃபோல்டரில், மீதி அடுத்த ஃபோல்டரில். எண்ணும்போது அதை இரண்டு வருகையாக எழுதிவிட்டேன்.

அப்புறம் விலங்குவாரியாகப் பிரித்துப் பார்த்தேன். கடமானும் காட்டுப்பன்றியும் ஒரே படத்தில் இருந்தால் எதில் போடுவது? இரண்டிலும் நகல் வைத்தேன்; மொத்த எண்ணிக்கை குழம்பியது. கேளையாடு என்று போட்டதைச் சருகுமான் என்று திருத்தினால், படத்தையே இடம் மாற்ற வேண்டும். இப்போது விலங்கின் பெயரைப் படத்துக்குள்ளேயே குறிச்சொல்லாக எழுதிவிடுகிறேன். அதற்கு டிஜிகாம் என்ற இலவசப் பட மென்பொருள் போதும். ஒரு படத்துக்கு எத்தனை பெயர் வேண்டுமானாலும் எழுதலாம், படம் நகராது.

ஆனால் எனக்குப் பெரிய அடி விழுந்தது 2021 கார்த்திகையில். கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. நனைந்த கையோடு ஓடைக்கரைக் கேமராவின் கார்டையும் மேட்டுப் பாறைக் கேமராவின் கார்டையும் எடுத்து வந்து, இரண்டையும் ஒரே ஃபோல்டரில் கொட்டிவிட்டேன். இரண்டு கேமராவும் ஒன்றிலிருந்து எண் போட்டுத்தான் பெயர் வைக்கின்றன. ஒரே பெயரில் இரண்டு படம் வந்தால் எக்ஸிஃப்டூல் பழையதை அழிக்காது; ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்லிப் புதியதை நகர்த்தாமல் விட்டுவிடும். அந்த எச்சரிக்கை தொல்லையாக இருக்கிறதே என்று, பெயருக்குப் பின்னால் வரிசை எண் சேர்க்கும் கட்டளையைக் கொடுத்தேன். ஒரு படமும் அழியவில்லை. ஆனால் நாலாயிரம் படம் ஒன்றோடொன்று கலந்துவிட்டது.

அன்றுதான் எனக்கு உறைத்தது: எப்போது எடுத்தது என்று படத்துக்குத் தெரியும், எங்கே எடுத்தது என்று தெரியாது. எங்கள் கேமராக்களில் ஜிபிஎஸ் இல்லை. எந்தக் கேமரா என்ற வரிசை எண்ணையும் அவை உள்ளே எழுதுவதில்லை. இடம் என்பது நான் வைக்கும் ஃபோல்டர் பெயரில் மட்டும்தான் இருக்கிறது. அது போனால் போனதுதான்.

அந்த நாலாயிரத்தை மீட்டுக் கொடுத்தவர் எஸ்டேட் காவல்கார அண்ணன். கம்ப்யூட்டர் பக்கமே வராதவர். பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். விலங்கை அவர் பார்க்கவே இல்லை. பின்னால் இருக்கும் தரையைத்தான் பார்த்தார்.

"தம்பி, இந்த வேரு ஓடைக்கரை நாவமரத்து வேரு. பாதி மண்ணுக்கு வெளிய நிக்கும். அந்தக் கல்லுல பாசி இருக்கு பாருங்க, மேட்டுப் பாறையில வெயிலுக்குப் பாசி புடிக்காது."

மூன்று சாயங்காலம் உட்கார்ந்து பிரித்தோம். மூடுபனியில் பின்னணியே தெரியாத படங்களை மட்டும் அவராலும் சொல்ல முடியவில்லை. 'இடம் தெரியாதவை' என்று ஒரு ஃபோல்டர் போட்டு 312 படங்களை வைத்தேன். தொண்டையில் மஞ்சள் தீட்டியதுபோல இருக்கும், மரமேறும் சிறு விலங்கான நீலகிரி மார்ட்டென் இந்த ஐந்து வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் எங்கள் கேமராவில் விழுந்தது. அந்தப் படமும் அதற்குள்தான் இருக்கிறது. இடம் இல்லாமல் அதைப் பதிவாகக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு அமைத்த முறை இன்றுவரை மாறவில்லை. மேல் ஃபோல்டர் இடம். அதற்குள் கார்டு எடுத்த நாளின் பெயரில் உள்ஃபோல்டர். கரடி நள்ளிரவைத் தாண்டினாலும் ஒரே ஃபோல்டருக்குள் இருக்கும். பிறகு எக்ஸிஃப்டூல் ஒவ்வொரு படத்தின் பெயரையும் மாற்றுகிறது: இடத்தின் குறி, தேதி, மணி-நிமிடம்-நொடி, கடைசியில் வரிசை எண். கேமரா ஒரே நொடியில் இரண்டு மூன்று படம் எடுப்பதால் அந்த எண் அவசியம். நாளைக்கு ஏதாவது ஒரு படம் வழிதவறி வேறு ஃபோல்டருக்குப் போனாலும், எங்கிருந்து வந்தது என்று அதன் பெயரே சொல்லிவிடும். பெயர் மாற்றுவதற்கு முன்னால், மாற்றாமலேயே எப்படி மாறும் என்று மட்டும் காட்டும் ஒரு சோதனை வசதி இதில் இருக்கிறது. அதை ஓட்டாமல் நான் நேரடியாக எதையும் செய்வதில்லை.

நம்மவர்களுக்கு ஒரு விஷயம். விண்டோஸில் ஃபோல்டருக்குத் தமிழில் பெயர் வைத்தால் எக்ஸிஃப்டூல் அப்படி ஒரு ஃபோல்டரே இல்லை என்று சொல்லக்கூடும். ஃபைல் பெயர்களை யூடிஎஃப்-8 (தமிழையும் தாங்கும் எழுத்துக் குறியீட்டு முறை) ஆகப் படிக்கச் சொல்லும் ஒரு சொல்லைக் கட்டளையில் சேர்த்தால் எனக்குச் சரியாகிவிட்டது. தமிழ்ப் பெயரை விட்டுவிட வேண்டியதில்லை.

கடிகாரம் அடுத்த தலைவலி. பாட்டரி முழுவதும் தீர்ந்தால் எங்கள் கேமராவில் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடுகிறது. கேமரா வாங்குவதற்கு முந்தைய வருடத்தின் பெயரில் ஒரு படம் வந்து நின்றால் உடனே கண்டுபிடித்துவிடலாம். கஷ்டம் கொடுத்தது வேறொன்று. ஒரு காட்டுமாட்டுப் படம், பகல் 1.12 என்று நேரம். ஆனால் படம் கறுப்பு வெள்ளை, கண் இரண்டும் பளிச்சென்று மின்னுகிறது. பகல் ஒரு மணிக்குக் கேமரா எதற்கு அகச்சிவப்பு விளக்கைப் போட வேண்டும்? காலை, மாலையைக் கேமராவில் மாற்றி வைத்திருக்கிறேன். இரண்டு மாதம் எல்லாமே 12 மணி நேரம் தள்ளிப் பதிவாகியிருந்தது. எக்ஸிஃப்டூலில் எல்லாப் படத்தின் நேரத்தையும் ஒரே கட்டளையில் முன்னோ பின்னோ நகர்த்த முடியும் என்பதால் தப்பித்தேன். மாற்றுவதற்கு முந்தைய படத்தையும் அது தனியாக எடுத்து வைத்துக்கொள்கிறது.

இப்போது கேமராவைக் கட்டியதும், கார்டை எடுப்பதற்கு முன்பும், ஒரு சிலேட்டில் இடம், தேதி, ஃபோனில் பார்த்த நேரம் மூன்றையும் சாக்பீஸால் எழுதி லென்ஸுக்கு முன்னால் பிடிக்கிறோம். கடிகாரம் எவ்வளவு தவறியிருக்கிறது என்பது அந்தப் படத்திலேயே தெரிந்துவிடும். இடமும் படத்துக்குள் வந்துவிடுகிறது.

விலங்கு எதுவும் விழாத வெற்றுப் படங்களைப் பிரிக்க மெகாடிடெக்டர் என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். விலங்கு, மனிதர், வாகனம் என்ற மூன்றைத்தான் அது அடையாளம் காணும். கரடியா காட்டுமாடா என்று சொல்லாது. ஆனாலும் காற்றில் புல் ஆடி எடுக்கப்பட்ட ஆயிரக்கணக்கான படங்களைத் தனியே ஒதுக்கிக் கொடுப்பதே பெரிய உதவி. கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் ராத்திரி முழுக்க ஓடவிட வேண்டியிருக்கிறது. மனிதர் என்று வரும் படங்கள் தனி உள்ஃபோல்டருக்குப் போகின்றன. அதை நான் ஒருவன் மட்டும் திறந்து, விலங்கு எதுவும் இல்லை என்று பார்த்து, அன்றே அழித்துவிடுவேன். விறகு எடுக்க, குறுக்கு வழியில் வீட்டுக்குப் போக வருகிற பெண்கள் யாரும் தங்களைப் படம் எடுக்கச் சொல்லவில்லை. கேமரா ட்ராப் வைக்கிற எல்லோரும் இதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

குறைகளும் உண்டு. எங்கள் கேமரா எடுக்கும் ஏவிஐ வீடியோவில் தேதி உள்ளே இருப்பதில்லை. அவற்றை இன்னும் கையால்தான் அடுக்குகிறேன். கட்டளையில் ஒரு மேற்கோள்குறி தவறினாலும் ஒன்றும் நடக்காது, ஏன் என்றும் புரியாது. வேலை செய்த கட்டளைகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஐந்து வருடத்தில் அந்த நோட்டு ஆறு பக்கத்தைத் தாண்டவில்லை. பகுப்பாய்வுக்குக் கேம்ட்ராப்ஆர் (கேமரா ட்ராப் தரவை அலசும் மென்பொருள்) பக்கம் போகிறவர்களுக்கும் இது கைகொடுக்கும். அதுவும் படத்தின் தேதியை எடுக்க எக்ஸிஃப்டூலைத்தான் அழைக்கிறது, இடவாரி ஃபோல்டரைத்தான் எதிர்பார்க்கிறது.

'இடம் தெரியாதவை' ஃபோல்டரை நான் அழிக்கவில்லை. கார்டு மாற்றிவிட்டு வரும் நாட்களில் அண்ணன் அதைத் திறக்கச் சொல்லிக் கொஞ்ச நேரம் பார்ப்பார். போன மாதம் பனிக்குள் மங்கலாகத் தெரிந்த ஒரு வேலிக்கல்லைக் காட்டி, மேட்டுப் பாறை என்றார். இரண்டு படங்கள் அங்கே போயின. இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து இப்போது 297 இருக்கின்றன. மார்ட்டென் இன்னும் அதற்குள்தான்.