பிறந்தநாளுக்குப் புது நாவல்: ‘புக் ஆஃப் த மந்த்’ சந்தா ஒரு மதிப்பீடு

நிறைய வாசிக்கிறவருக்குப் புத்தகம் பரிசளிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. நமக்குத் தெரிந்த நல்ல நாவலை அவர் ஏற்கெனவே படித்து முடித்திருப்பார். வெளிவந்து சில நாள்களே ஆன நாவலைக் கொடுத்தால் அந்த ஆபத்து பெருமளவு குறையும். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு இந்த வேலையை நன்றாகச் செய்துதருவது, நாம் தேர்ந்தெடுக்கும் புதிய புத்தகத்தை மாதந்தோறும் பெட்டியில் அனுப்பும் ‘புக் ஆஃப் த மந்த்’ சந்தா. நல்ல சேவைதான். ஆனால் தேதியைக் கணக்குப் பார்க்காமல் ஆர்டர் போட்டால் கேக் வெட்டி முடித்த பிறகுதான் பெட்டி வரும். பட்டியலை மேலோட்டமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாலோ, புத்தகம் பிரிக்கப்படாமலே அலமாரிக்குப் போய்விடும்.

ஹாரி ஷெர்மன் 1926இல் தொடங்கிய நிறுவனம் இது. அப்போது நடுவர் குழு ஒரு நூலைத் தேர்ந்தெடுக்கும். அது உறுப்பினர்களின் வீட்டுக்கு அஞ்சலில் போகும். இன்று தேர்வு வாசகர் கையில் இருக்கிறது. பரிசு வாங்குகிறவருக்கு இதைவிட வசதி வேறில்லை. மாதத் தொடக்கத்தில் சில புதிய புத்தகங்கள் கொண்ட பட்டியல் வெளியாகும். பெரும்பாலும் நாவல்கள்: குடும்பக் கதை, துப்பறியும் கதை, காதல், வரலாற்றுப் புனைவு, மிகுபுனைவு (ஃபேன்டசி), எப்போதாவது ஒரு தன்வரலாறு. மாதக் கட்டணம் ஒரு கிரெடிட்டாகக் கணக்கில் சேரும். ஒரு கிரெடிட்டுக்கு ஒரு கெட்டி அட்டைப் புத்தகம். கட்டணம் 20 டாலருக்குள் அடங்கும். கடையில் அதே புத்தகத்தின் அச்சிட்ட விலை 28, 30 டாலர் என்று இருக்கும். அதே பெட்டியில் இன்னொன்றும் வேண்டுமென்றால் ‘ஆட்-ஆன்’ ஆகச் சேர்க்கலாம், அதன் விலை இன்னும் குறைவு. ஆட்-ஆன் பட்டியலில் முந்தைய மாதங்களின் புத்தகங்களும் இருப்பதால் இந்த மாதப் பட்டியல் சுமாராக இருந்தாலும் கவலையில்லை. பிறந்தநாளுக்கு இரண்டு புத்தகம் சரியான அளவு: அவருக்கு நிச்சயம் பிடிக்கும் வகையில் ஒன்று, அதற்குச் சற்றுத் தள்ளி இன்னொன்று. மூன்றாவதைச் சேர்த்தால் படித்தே ஆகவேண்டிய பாரமாகிவிடும்.

தேர்வுக்கு முக்கால் மணி நேரமாவது ஒதுக்குங்கள். பரிசின் மதிப்பே அதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு புத்தகத்தின் பக்கத்திலும் கதைச் சுருக்கத்தோடு சில சின்னங்கள் இருக்கும்: 400 பக்கத்துக்கு மேல், பல பாத்திரங்களின் பார்வை, முன்னும் பின்னுமாக நகரும் காலம், மெதுவாகச் சூடுபிடிக்கும் கதை, முதல் நாவல் என்பதுபோல. சுருக்கத்தைவிட இந்தச் சின்னங்களை நம்பலாம். சுருக்கம் விற்பதற்காக எழுதப்பட்டது. எந்த நாவலையும் விறுவிறுப்பானது என்றே சொல்லும். ரயிலில் பதினைந்து நிமிடம், தூங்குமுன் பத்து நிமிடம் என்று துண்டுதுண்டாக வாசிப்பவருக்கு ஐந்து பேர் மாறிமாறிச் சொல்லும் கதை ஒத்துவராது. யார் பேசுகிறார் என்று நினைவுபடுத்திக்கொள்வதற்குள் இறங்கவேண்டிய நிலையம் வந்துவிடும். இரண்டே நாளில் முடித்துவிடுகிற துப்பறியும் கதைப் பிரியருக்கு மெதுவாக நகரும் நாவலைக் கொடுத்தால் ஐம்பதாம் பக்கத்தில் மூடிவிடுவார். முதல் நாவல் என்ற குறி பரிசுக்கு மிக நல்லது, ஏற்கெனவே வாங்கியிருக்கமாட்டார். அவருக்குப் பிடித்த எழுத்தாளரின் புதிய நாவல் என்றால் எச்சரிக்கையாக இருங்கள். அவரே முன்பதிவு செய்திருக்கக்கூடும். மிகுபுனைவில் அது தொடரின் இரண்டாம் பாகமா என்று தனியாகத் தேடிப் பாருங்கள்.

முன்னோட்டப் பக்கங்கள் இருந்தால் கட்டாயம் படியுங்கள். அட்டையில் சக எழுத்தாளர்கள் சொல்லும் பாராட்டு எதையும் சொல்லாது. முதல் ஐந்து பக்கத்தின் நடை எல்லாவற்றையும் சொல்லிவிடும். உள்ளடக்க எச்சரிக்கையையும் விடவேண்டாம். குழந்தையை இழப்பது, தற்கொலை, நீண்ட நோய் இவையெல்லாம் நல்ல நாவல்களில் வரும். அந்த வருடம் வீட்டில் இழவு கண்டவருக்கோ கர்ப்பமாக இருப்பவருக்கோ அதைப் பிறந்தநாள் பரிசாகக் கொடுக்கக்கூடாது.

அடுத்தது தேதி. ஆர்டர் போட்டதிலிருந்து கைக்கு வரப் பத்து நாள் என்று கணக்கு வையுங்கள். பண்டிகைக் காலமான டிசம்பரில் இன்னும் கூடுதலாக. ஆகவே பிறந்தநாள் மாதத்தின் முதல் பத்து நாளுக்குள் வந்தால் முந்தைய மாதப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட வேண்டும். புதுப் பட்டியலுக்காகக் காத்திருப்பதுதான் பலரும் சிக்கும் இடம். சில புத்தகங்கள் ‘எர்லி ரிலீஸ்’ என்ற குறியோடு வரும். கடைகளில் விற்பனைக்கு வருமுன்பே சந்தாதாரருக்குக் கிடைப்பவை இவை. பரிசு பெறுகிறவரிடம் அது அநேகமாக இருக்காது என்பதால், பிடிக்கும் வகையில் அப்படி ஒன்று கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். விரும்பப்படும் தலைப்புகள் மாத நடுவிலேயே தீர்ந்துவிடுவதும் உண்டு.

பெட்டியைப் பெறுகிறவர் முகவரிக்கு நேரே அனுப்புவதைவிட உங்கள் வீட்டுக்கு வரவழைப்பதே மேல். அஞ்சலில் வரும் எந்தக் கெட்டி அட்டைப் புத்தகத்துக்கும் முதலில் நசுங்குவது மூலைகள், அடுத்துக் கிழிவது மேலுறையின் விளிம்பு. முன்கூட்டியே பிரித்துப் பார்த்தால் படம் எடுத்து அனுப்பி மாற்று கேட்க நேரம் இருக்கும். அட்டையில் நிறுவனத்தின் முத்திரை அச்சாகவே இருக்கும், உரித்தெடுக்கக்கூடிய ஒட்டி கிடையாது. வாசிப்பவருக்கு இது பொருட்டில்லை. முதல் பதிப்புகளைச் சேகரிப்பவருக்கு இந்தச் சந்தாப் பதிப்பை வாங்கவே வேண்டாம், கடைப் பதிப்பைத்தான் தேடவேண்டும்.

உங்கள் பிறந்தநாளுக்கு நீங்களே வாங்கிக்கொள்வதாக இருந்தால் ஒரு கூடுதல் ஆதாயம் உண்டு. ‘பி.எஃப்.எஃப்’ நிலையை எட்டிய பழைய உறுப்பினர்களுக்குப் பிறந்த மாதத்தில் ஒரு ஆட்-ஆன் இலவசம். ஆட்-ஆன் என்பதால் முதன்மைப் புத்தகம் ஒன்றோடு சேர்த்துத்தான் வரும். அந்த மாதத்துக்காக ஒரு கிரெடிட்டை மிச்சம் வைத்திருங்கள்.

பணம் வீணாவது ‘ஸ்கிப்’, அதாவது இந்த மாதம் வேண்டாம் என்று தவிர்க்கும் வசதி, விஷயத்தில்தான். ஒரு பரிசுக்காகச் சேர்ந்துவிட்டு மறந்துபோனால் மாதாமாதம் வங்கி அட்டையிலிருந்து பணம் போய்க் கிரெடிட்டாகச் சேர்ந்துகொண்டே இருக்கும். பட்டியல் வந்த அன்றே பார்த்து, எதுவும் பிடிக்காவிட்டால் உடனே ஸ்கிப் அழுத்திவிடுங்கள். சந்தாவை நிறுத்துவதற்கு முன் எல்லாக் கிரெடிட்டையும் புத்தகமாக மாற்றிக்கொள்ளுங்கள்.

சந்தாவையே பரிசாகவும் கொடுக்கலாம். தானே தேர்ந்தெடுப்பதில் மகிழ்கிறவருக்கு மூன்று மாதம் போதும். மாதம் ஒரு நாவல் முடிக்காதவருக்கு ஒரு வருடச் சந்தா தேவையில்லை. பட்டியல் முழுக்க ஆங்கிலம், பெரும்பாலும் பெரியவர்களுக்கான நூல்கள். தமிழில் மட்டும் வாசிக்கும் பெற்றோருக்கோ பள்ளிப் பிள்ளைகளுக்கோ இது உதவாது. அமெரிக்க முகவரிகளுக்கு மட்டுமே அனுப்புவார்கள்.

பிரித்துப் பார்க்கும் குதூகலம்தான் முக்கியம் என்றால் ‘ஒன்ஸ் அப்பான் எ புக் கிளப்’ பெட்டி பொருத்தம். நாவலோடு சிறு பரிசுகள் தனித்தனியே சுற்றி வரும், ஒவ்வொன்றிலும் பக்க எண் இருக்கும். அந்தப் பக்கத்தை எட்டும்போதுதான் பிரிக்கவேண்டும். இங்கிலாந்தில் இருப்பவருக்கு பாத் நகரின் ‘மிஸ்டர் பிஸ் எம்போரியம்’ கடையின் வாசிப்புச் சந்தாவையே சொல்வேன். பெறுகிறவர் தன் ரசனையைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் எழுதித் தருவார், கடைக்காரர் அதைப் படித்து மாதம் ஒரு புத்தகம் தேர்ந்தெடுத்து அனுப்புவார். பதிலில் பிடித்த புத்தகங்களோடு, பாதியில் கைவிட்டவற்றையும் ஏன் கைவிட்டார் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். கடைக்காரருக்கு அதிகம் உதவுவது அந்த இரண்டாவது பட்டியல்.