பாம்பன் வெயிலுக்கு ஒரு பனையோலைத் தொப்பி

என் கணவர் விசைப்படகுத் தொழிலாளி. மாசி மாதம் வலை இழுக்கும்போது இரும்புக் கப்பி விலகி அவர் தலையில் அடித்தது. சி.டி. ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. மூளை அதிர்ச்சி என்றார் மருத்துவர். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடுமாம். இவருக்கு நான்கு மாதமாகியும் தலைவலி, கிறுகிறுப்பு, கண்கூச்சம் விடவில்லை. வெளியில் காயம் தெரியாததால், "சும்மா படுத்திருக்கிறான்" என்று பேசுகிறார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கருப்புக் கண்ணாடியை வீட்டுக்குள்ளும் போட்டால் கூச்சம் கூடும் என்று மருத்துவர் எச்சரித்தார். அதனால்தான் ராமேசுவரத்தில் 150 ரூபாய்க்கு இந்தத் தொப்பியை வாங்கினேன். வாசலில் கழற்றி ஆணியில் மாட்டிவிடலாம். விளிம்பு நான்கு விரல் அகலம். கடலில் பட்டுத் தெறிக்கும் வெயிலைக் கீழிருந்து தடுக்காது, உச்சி வெயிலை நன்றாகத் தடுக்கிறது. நெற்றியை இறுக்குவதில்லை. துணித் தொப்பியை அவரால் பத்து நிமிடம்கூட வைத்திருக்க முடியாது.

குறையும் உண்டு. உள்ளே ஓர் ஓலைநுனி குத்தியது. பழைய வேட்டித்துணி வைத்துத் தைத்தேன். கச்சான் காற்றில் பறந்துவிடுகிறது. அவரே வலைநூலில் நாடா கட்டினார். கண் மூடித் திறப்பதற்குள் முடிச்சுப் போடும் கை. அன்று அரைமணி நேரம் ஆனது. நான் குறுக்கிடவில்லை.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்பிய ஜூன் 15 அன்று, இதைப் போட்டுக்கொண்டு துறைவரை நடந்துவிட்டு வந்தார். இன்னொன்றும் வாங்கி வைத்திருக்கிறேன்.