முக்காலிக்கு இடமில்லாத கோவில்களில் ஒரு சிறிய கேமரா: ஃபுஜிஃபில்ம் எக்ஸ்100விஐ

ஜப்பானின் கோவில்களைப் படமெடுக்கச் செல்பவர் எந்தக் கேமராவைக் கொண்டுபோக வேண்டும் என்று கேட்டால், அங்கே எவையெல்லாம் கூடாது என்பதிலிருந்து தொடங்குவதே சரியாக இருக்கும். கியோட்டோவின் பெரிய கோவில்கள் பலவற்றில் முக்காலியை விரிக்க அனுமதி இல்லை. கருணையின் போதிசத்துவரான கன்னோனின் 1001 சிலைகள் அணிவகுத்து நிற்கும் சான்ஜூசான்கென்-டோவின் நீண்ட மண்டபத்துக்குள் படமெடுக்கவே கூடாது. இசே பேராலயத்தில் கருவறைக்கு ஏறும் கற்படிகளின் அடியோடு கேமராவின் வேலை முடிந்துவிடுகிறது. இந்த வரம்புகளுக்குள், வழிபட வருபவர்களுக்குத் தொந்தரவில்லாமல், மங்கலான வெளிச்சத்தில் கையில் பிடித்தே எடுக்கக்கூடிய கருவி ஒன்று வேண்டும் என்று எண்ணியே, சென்ற இலையுதிர்காலத்தில் பன்னிரண்டு நாள்கள் கியோட்டோ, நாரா, மியாஜிமா, இசே ஆகிய இடங்களுக்கு ஃபுஜிஃபில்ம் எக்ஸ்100விஐ கேமராவை மட்டும் எடுத்துச் சென்றேன். வேறு கேமராவோ வேறு லென்ஸோ என்னிடம் இல்லை.

2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட இந்தக் கேமராவின் லென்ஸைக் கழற்ற முடியாது. 23 மி.மீ. குவியத் தொலைவும் எஃப் 2 துளையும் கொண்ட அந்த லென்ஸ், முழுச்சட்டகக் கேமராவில் 35 மி.மீ. லென்ஸ் தரும் கோணத்தைத் தருகிறது. முழுச்சட்டகத்தைவிடச் சிறிய, ஏபிஎஸ்-சி அளவுள்ள உணரியில் 40.2 மெகாபிக்சல்கள். பேட்டரியும் நினைவக அட்டையும் சேர்த்து எடை 521 கிராம். இவற்றைவிட, கோவில்களுக்குள் போகிறவருக்கு முக்கியமான செய்தி ஒன்று உண்டு. 2020இல் வந்த எக்ஸ்100வி கேமராவில் இல்லாத, கை நடுக்கத்தைச் சமன்செய்யும் ஏற்பாடு இதன் உடலுக்குள்ளேயே வந்திருக்கிறது. ஆறு நிறுத்தங்கள் வரை ஈடுகட்டும் என்று நிறுவனம் சொல்கிறது (ஒரு நிறுத்தம் என்பது ஒளியின் அளவு இரு மடங்காவது அல்லது பாதியாவது). அந்தக் கணக்கை அளந்து பார்க்க என்னிடம் கருவிகள் இல்லை. ஆனால், நாராவின் டோடாய்-ஜி கோவிலில் அது எவ்வளவு பயன்பட்டது என்பதைச் சொல்ல முடியும்.

டோடாய்-ஜியின் பெரும் புத்தர் மண்டபத்துக்குள் பார்வையாளர்கள் படமெடுக்கலாம், முக்காலி கூடாது. அமர்ந்த கோலத்தில் சுமார் 15 மீட்டர் உயரமுள்ள வெண்கலப் புத்தருக்கு 752ஆம் ஆண்டில் கண்திறப்புச் சடங்கை நடத்தியவர் இந்தியாவிலிருந்து சென்ற போதிசேனர் என்ற துறவி. சிற்பி சிலைக்குக் கண் திறக்கும் வழக்கத்தை அறிந்த நமக்கு, அந்த மண்டபத்தில் நிற்கும்போது இந்தச் செய்தி மனத்தைத் தொடாமல் போகாது. இன்றுள்ள மண்டபம் 1709இல் கட்டி முடிக்கப்பட்டது. அகன்ற முன்வாயிலிலிருந்தும் மரச் சட்டங்களின் இடைவெளிகளிலிருந்தும் வரும் வெளிச்சம்தான் உள்ளே; புத்தரின் முகத்தை அடைவதற்குள் அது மிகவும் மெலிந்துவிடுகிறது. துளையை எஃப் 2.8இல் வைத்து, ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 800க்கு மேல் போகவிடாமல், ஒரு தூணில் தோளைச் சாய்த்துக்கொண்டு கால் நொடிக்கு ஷட்டரைத் திறந்தேன். ஐந்து படங்களில் மூன்றில் புத்தரின் சுருள்முடியும் விரல்களும் கூர்மையாக விழுந்திருந்தன. கீழே நடந்துகொண்டிருந்தவர்கள் மெல்லிய நிழல்களாக மாறியிருந்தார்கள். அசையாத வெண்கலமும் அசைந்துகொண்டே இருக்கும் கூட்டமும் ஒரே படத்தில் அமைய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. முக்காலி இல்லாமல் அது கைகூடும் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

அதே மண்டபத்தின் ஒரு தூணின் அடியில், புத்தரின் மூக்குத் துளையின் அளவு என்று சொல்லப்படும் ஓட்டை ஒன்று இருக்கிறது. குழந்தைகள் அதற்குள் நுழைந்து மறுபக்கம் வெளிவருவார்கள். அங்கே படமெடுக்க விரும்புபவர் முதலில் பெற்றோரின் முகத்தைப் பார்க்க வேண்டும். கேமராவைச் சற்று உயர்த்திக் காட்டித் தலையசைத்துக் கேட்டபோது இருவர் சம்மதித்தார்கள், ஒருவர் கைகூப்பி மறுத்தார். கருவி சிறியதாக இருப்பதன் அருமை இப்படிப்பட்ட தருணங்களில்தான் தெரிகிறது. கையளவுக் கேமராவுடன் நிற்பவரை அங்குள்ளவர்கள் சக பயணியாகவே பார்க்கிறார்கள். பெரிய லென்ஸ் ஒன்று தங்களை நோக்கித் திரும்பினால் ஏற்படும் கூச்சம் அவர்களிடம் இல்லை.

ஒலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜப்பானில் விற்கப்படும் கைப்பேசிகள் படமெடுக்கும்போது ஒலி எழுப்பும்படியே அமைக்கப்படுகின்றன. ஆகவே கியோட்டோவின் ரியோவான்-ஜி கோவிலின் கல்தோட்டத்துக்கு முன்னால் அமைதியாக அமர்ந்திருப்பவர்களின் காதுகளில் அந்த ஒலி விழுந்துகொண்டே இருக்கிறது. இந்தக் கேமராவில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இதழ்களாக அமைந்திருப்பதால், இயந்திர ஷட்டரில்கூட மெல்லிய சொடுக்கு மட்டுமே கேட்கும். மின்னணு ஷட்டருக்கு மாறிச் செயற்கை ஒலிகளையும் அணைத்துவிட்டால் அதுவும் இல்லை. பதினைந்து கற்களும் வெண்சரளையும் கொண்ட அந்தத் தோட்டத்தின் திண்ணையில் ஒரு மணி நேரம் இருந்தேன். பக்கத்தில் இருந்த முதியவர் நான் படமெடுப்பதை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. திரையை மேல்நோக்கி மடக்கி, கேமராவை மடியில் வைத்துக்கொண்டே சரளையில் கீறப்பட்ட வரிகளைத் தாழ்ந்த கோணத்தில் எடுக்கவும் முடிந்தது.

ஆனால், அந்தத் திரை மேலும் கீழும் மட்டுமே சாய்கிறது. கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினால் அதனால் பயனில்லை. இந்தக் குறையை நான் முழுமையாக உணர்ந்த இடம் கியோட்டோவின் ஃபுஷிமி இனாரி ஆலயம். இனாரி மலையின் பாதைகளில் நெருக்கமாக நிற்கும் ஆயிரக்கணக்கான டோரி வாயில்கள், இயல்பாகவே செங்குத்துச் சட்டகத்தைக் கேட்கின்றன. தாழ்ந்த கோணத்தில் செங்குத்துப் படம் வேண்டுமென்றால் முழந்தாளிட்டுக் காட்சிகாணியில் கண்ணை வைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. மழைநீர் தேங்கிய பாதையில் அது எளிதன்று.

ஃபுஷிமி இனாரிக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது; இரவும் பகலும் திறந்திருக்கும். காலை ஐந்தரை மணிக்குப் போனால் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். ஏறும்போது வாயில்களில் எழுத்து எதுவும் தெரிவதில்லை. ஓரளவு ஏறித் திரும்பிப் பார்த்தால், ஒவ்வொரு வாயிலின் பின்பக்கத்திலும் அதை நேர்ந்து அளித்தவரின் பெயரும் நாளும் கறுப்பு எழுத்தில் நிற்கின்றன. பலர் ஏறும் திசையில் மட்டும் படமெடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆலயப் பாதையின் நடுப்பகுதி தெய்வத்துக்குரியது, மனிதர் ஓரமாக நடக்க வேண்டும் என்பது ஜப்பானின் மரபுச் சமயமான ஷின்டோவின் வழக்கம். எல்லோரும் விரும்பும் சமச்சீரான படமோ, பாதையின் நட்ட நடுவில் நின்றால்தான் கிடைக்கும். நான் ஓரத்திலேயே நின்று எடுத்தேன். அங்கிருந்து பார்க்கும்போது தூண்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பாதையின் வளைவைக் காட்டுகின்றன. நடுவிலிருந்து எடுக்கப்பட்ட படங்களில் அந்த வளைவு தெரிவதில்லை. ஒளியியல் காட்சிகாணி இங்கே பெரிதும் உதவியது. அதில் சட்டகத்துக்கு வெளியே இருப்பதும் தெரிவதால், வளைவுக்கு அப்பால் ஒருவர் வருவதை முன்கூட்டியே பார்த்துக் காத்திருக்கலாம். கோடுகளைத் துல்லியமாக ஒழுங்குபடுத்த வேண்டிய படத்துக்கு மட்டும் முன்பக்க நெம்புகோலைத் தள்ளி மின்னணுக் காட்சிகாணிக்கு மாறிக்கொண்டேன்.

இந்த வாயில்களின் செங்காவி எந்தக் கேமராவையும் சோதிக்கும். இருபுறமும் அந்த நிறமே எதிரொளிப்பதால் நிறச்சாயலைச் சரிசெய்யும் வெண்சமநிலையைத் தானியங்கியில் விட்டால், கேமரா அந்தச் சிவப்பைத் தணிக்கப் பார்க்கும். பகலொளி அமைப்பில் நிறுத்திவிடுவதே நல்லது. சிவப்பு முதலில் எல்லை மீறி, நுணுக்கங்களை இழந்து சமதளமாகிவிடும் என்பதால், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் வலப்பக்க மேற்புறத்தில் உள்ள சக்கரத்தை மூன்றில் இரண்டு நிறுத்தம் குறைத்து வைத்தேன். படச்சுருள்களின் நிறங்களைப் போலச் செய்யும் ஃபுஜிஃபில்மின் படச்சுருள் பாவனைகளில் வெல்வியா இந்த நிறத்தை எரியும் அளவுக்குத் தூக்கிவிடுகிறது. கிளாசிக் குரோம் அதை மண்ணாக்கிவிடுகிறது. புரோவியாவே கண்ணுக்குத் தெரிந்த நிறத்துக்கு மிக அருகில் இருந்தது என்பது என் கருத்து. கியோட்டோவின் பொற்கோவிலான கின்காகு-ஜியின் பொன்தகடுகளுக்கும் அதையே பயன்படுத்தினேன்.

ஒரே கோணம் போதுமா என்பதே வாங்க நினைப்பவரின் முதல் கேள்வியாக இருக்கும். கியோட்டோவின் நெருக்கமான முற்றங்களில் எனக்குப் பெரும்பாலும் போதுமாக இருந்தது. மியாஜிமாவில் போதவில்லை. இட்சுகுஷிமா ஆலயத்தின் கடல்நடு டோரி 1875இல் எழுப்பப்பட்டது. உயரம் ஏறத்தாழ 16 மீட்டர். 2019இல் தொடங்கிய பழுதுபார்ப்பு 2022இல் முடிந்து இப்போது மீண்டும் முழுமையாகக் காட்சி தருகிறது. நீர் ஏறியிருக்கும் நேரத்தில் கரையிலிருந்து பார்த்தால் அது சட்டகத்தின் நடுவே சிறு உருவமாக நின்றுவிடுகிறது. 40.2 மெகாபிக்சல்கள் இருப்பதால் 50 மி.மீ. கோணத்துக்கு வெட்டினாலும் 20 மெகாபிக்சல் மிஞ்சும், 70 மி.மீ. கோணத்துக்கு வெட்டினால் 10. கைப்பேசித் திரைக்கும் சிறிய அச்சுக்கும் அது போதும், பெரிய அச்சுக்குப் போதாது. நீர் வடியும் நேரத்தை அலை அட்டவணையில் பார்த்துக்கொண்டு மறுநாள் திரும்பிச் சென்று, ஈர மணலில் நடந்து, அந்தக் கற்பூர மரத்தூண்களின் அடியில் நின்று எடுத்த படங்களே எனக்கு நிறைவளித்தன. அவற்றில் தூணைப் பற்றியிருக்கும் சிப்பிகள்கூடத் தெளிவாக இருக்கின்றன. கூரை மூலைச் செதுக்கல்கள், உயரத்தில் உள்ள மரச்சிற்பங்கள் ஆகியவற்றில் ஆர்வமுள்ளவர் இந்தக் கேமராவை மட்டும் நம்பிப் போகக் கூடாது.

கேமராவுக்குள்ளேயே இருக்கும் நான்கு நிறுத்த என்டி வடிகட்டி, ஒளியைப் பதினாறில் ஒரு பங்காகக் குறைக்கிறது. கியோட்டோவின் கியோமிசு-தேரா கோவிலில் ஓட்டோவா அருவியின் மூன்று தாரைகளையும் பகல் வெளிச்சத்தில் கால் நொடிக்கு எடுக்க அது உதவியது. மழைத்துளியைத் தாங்கும் காப்பு முழுமையாக வேண்டுமென்றால், தனியாக விற்கப்படும் இணைப்பு வளையத்தையும் 49 மி.மீ. வடிகட்டியையும் பொருத்த வேண்டும். நான் வாங்காமல் சென்று, இசேயில் பெய்த மழையில் கேமராவைக் கைக்குட்டைக்குள் பொதிந்து வைத்திருந்தேன்.

வெளியானபோது அமெரிக்காவில் இதன் விலை 1,599 டாலர். அந்தத் தொகையில், லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா ஒன்றையும் இரண்டு லென்ஸ்களையும் வாங்கிவிட முடியும்; பறவைகளையும் விளையாட்டுப் போட்டிகளையும் எடுப்பவர் அப்படித்தான் செய்ய வேண்டும். எக்ஸ்100வி வைத்திருப்பவர்களில், தோட்டங்களையும் வெளிமுற்றங்களையும் மட்டும் எடுப்பவர்கள் மாற வேண்டியதில்லை. டோடாய்-ஜி போன்ற இருண்ட மண்டபங்களுக்கும் விடியலுக்கு முந்திய இனாரி மலைக்கும் போகிறவர்கள் தயங்காமல் மாறலாம். வாங்கும் நாளிலேயே அந்த வளையத்தையும் வடிகட்டியையும் இன்னொரு பேட்டரியையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.