புல்தரையில் மரக்கன்று: பிடுங்கலாமா, வெட்டலாமா, மருந்தடிக்கலாமா?

ஆடியில் நாலு நாள் மழை பெய்தால் போதும், எங்கள் வீட்டுப் புல்தரையில் வேப்பங்கன்றுகள் தலைகாட்டிவிடும். பழம் தின்ன வரும் மைனாவும் வௌவாலும் கொட்டையைப் போட்டுவிட்டுப் போகின்றன. கூடவே சவுண்டலும், எப்போதாவது ஒரு கறிவேப்பிலையும் முளைக்கும்.

கை வைக்குமுன் இன்ன கன்று என்று பார்த்துவிட வேண்டும். வேம்பின் முதல் இலைகள் மும்மூன்றாகப் பிரிந்து, ஓரம் ஆழமாக வெட்டுப்பட்டிருக்கும். கறிவேப்பிலைக்கு அந்த வெட்டு இருக்காது. கசக்கி முகர்ந்தால் வாசனையே சொல்லிவிடும். சவுண்டலுக்குப் புளியிலை போலப் பொடி இலை.

பலரும் புல்வெட்டும் மெஷினை மேலாக ஓட்டிவிட்டு விட்டுவிடுகிறார்கள். நானும் ஒரு வருடம் அப்படித்தான் செய்தேன். தரை பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் வெட்டிய சவுண்டல் அடியிலிருந்து இரண்டு மூன்று கிளையாகத் துளிர்த்தது. புல்லுக்குள் கட்டைவிரல் பருமனில் கட்டை நின்று, வெறுங்காலோடு ஓடிய பிள்ளையின் பாதத்தைக் கிழித்தது. கடைசியில் கடப்பாரை போட்டுத்தான் எடுத்தோம். வேம்பும் வெட்டினால் துளிர்க்கும் சாதிதான்.

கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை அடித்தால் புல்லும் சேர்ந்து கருகும். 2,4-டி என்ற இன்னொரு களைக்கொல்லி புல்லை விட்டுவைக்கும். ஆனால் காற்றில் பறந்து தக்காளிச் செடியில் பட்டால் இலை சுருண்டுவிடும். பிள்ளைகள் உருளும் இடத்தில் பத்து இருபது கன்றுக்காக இது வேண்டவே வேண்டாம்.

என் ஓட்டு கையால் பிடுங்குவதற்கே. மழை விட்ட மறுநாள் காலை, மண் ஈரமாக இருக்கையில், தண்டை மண்ணோடு ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். நான்கைந்து இலை விட்ட கன்று ஆணிவேர் முழுசாக வந்துவிடும். ஒரு மாதம் தள்ளிப்போட்டால் வேர் பாதியில் அறுந்துவிடும். அப்போது பக்கத்தில் பழைய ஸ்க்ரூடிரைவரைக் குத்தி மண்ணை நெம்பிக்கொண்டு இழுக்க வேண்டும். குனிந்து செய்யும் வேலை, இடுப்பு வலிக்கும். ஆனாலும் பிடுங்கிய கன்று திரும்ப வராது.

வேம்பையும் கறிவேப்பிலையையும் தூக்கிப்போட எனக்கு மனம் வராது. இவற்றை இழுக்காமல், கரண்டியால் ஆழத் தோண்டி மண்கட்டியோடு பைக்கு மாற்றி, ஒரு வாரம் நிழலில் வைப்பேன். சவுண்டலுக்கு இந்தச் சலுகை கிடையாது. அதன் விதை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். அதனால் அடுத்த மழைக்கும் அதே இடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும்.