பைக் பராமரிப்பு: வீட்டு முற்றமா, ஷோரூமா?

காரைக்குடியில் புது பைக் எடுத்த சித்தப்பா மகன் கேட்டான்: "ஆயிலை நாமே மாற்றினால் என்ன, அண்ணே?"

செலவு
வீட்டில்: ஒரு லிட்டர் ஆயில், ஒரு வாஷர், பழைய வேட்டித் துணி.
ஷோரூமில்: இலவச சர்வீஸிலும் ஆயிலுக்குக் காசு உண்டு. பிறகு கூலி, வாஷிங், நாம் கேட்காத பாலிஷ்.

செயின்
இதில் வீடுதான் மேல். கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கத்துச் செம்மண் புழுதி ஆயிலோடு குழைந்து செயினை அரம்போல் அராவும். 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை துடைத்து ஆயில் விட வேண்டும். செயினின் நடுப்பகுதியை விரலால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். 100, 125 சிசி வண்டிகள் பலவற்றில் 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம் சரி. கையேட்டில் உங்கள் வண்டிக்கான அளவு இருக்கும். அடுத்த சர்வீஸ் வரை செயின் காத்திருக்காது.

தவறினால்
வீட்டில்: ஆயில் வடிக்கும் போல்ட்டை வீறாப்பாக முறுக்கினேன். அலுமினிய மரை வழுக்கிப்போனது. மிச்சம் பிடித்த காசு லேத் பட்டறைக்குப் போயிற்று.
ஷோரூமில்: பில் கையில் இருந்தால் சண்டையாவது போடலாம்.

வாரண்டி உள்ளவரை ஷோரூமுக்கே போகட்டும் என்றேன் அவனிடம். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டியில் எச்சரிக்கை விளக்கு எரிந்தாலும் அங்கேதான். கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனர் கருவி இல்லாமல் துழாவ முடியாது. வாரண்டி முடிந்த, கார்புரேட்டர் உள்ள பழைய வண்டிக்கு முற்றமே போதும். வடித்த ஆயிலை மட்டும் ஊருணிப் பக்கம் ஊற்றிவிடாதீர்கள். கேனில் அடைத்து மெக்கானிக்கிடம் கொடுங்கள்.